பஞ்சமும் விரதமும்

மருந்து என்றால் உடம்பில் குறைந்ததை நிரப்புவது, அல்லது வெளியிலிருந்து வந்த பகையைக் கொல்வது என்ற இரண்டு எண்ணங்கள்தான் நம் மனதில் ஊறியிருக்கின்றன. இரும்புச்சத்து மாத்திரை முதல் வகை. பெனிஸிலின் இரண்டாவது வகை. மூன்றாவதாகவும் ஒரு வகை உண்டு. அது எதையும் தருவதில்லை. நேராக எதையும் கொல்வதுமில்லை. உடம்பு தனக்கென்று சுரந்துகொள்ளும் ஒன்றை உடம்புக்கே மறுக்கிறது. பிராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டு வருஷங்களாக இவற்றைச் சாப்பிட்டு வருகிறேன். இதைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். நான் மருத்துவம் படித்தவனில்லை.

இந்த மாத்திரைகளை ஆபத்தில்லாமல் சாப்பிடுவது எப்படி என்பது வைத்தியக் குறிப்புக்குரிய விஷயமாகவே கருதப்படுகிறது. அது ஒரு தார்மீகப் பிரச்னையும்கூட என்பது என் கட்சி. இரண்டையும் பிரித்துவிடலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது.

முதலில் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிராஸ்டேட் என்ற கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் நிற்பது என்று அர்த்தம். மூத்திரப்பைக்குக் கீழே, அதன் வாசலில் நிற்கும் சிறு சுரப்பி. அதில் தோன்றும் புற்று பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோனைத் தின்று வளர்கிறது. ஆணின் குரலையும் மீசையையும் தசையையும் ஆசையையும் உண்டாக்கும் அதே சரக்கு. அதை நிறுத்தினால் புற்று சுருங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் இதை நிரூபித்தார். விதைகளை நீக்கியோ, பெண் ஹார்மோனைக் கொடுத்தோ, எலும்புவரை பரவிவிட்ட நோயாளிகளின் வலியைத் தணிக்க முடிந்தது. 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சூஸன் ஸாண்டாக் 1978இல் எழுதிய புத்தகத்தில் புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் யுத்தத்தின் பாஷையில் பேசுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்தச் சிகிச்சைக்கு யுத்தம் பொருந்தாத உவமை. இது பஞ்சம். பகைவன் ஊருக்குள்ளேயே குடியிருக்கிறான் என்பதால் ஊர் முழுவதற்கும் தானியத்தை நிறுத்துவது.

டாக்டர்கள் இதை 'ஹார்மோன் சிகிச்சை' என்கிறார்கள். கிராமத்தில் காளைக்குச் செய்தால் அதற்குக் காயடித்தல் என்று பெயர். மருத்துவ ஆங்கிலமும் உள்ளுக்குள் நாகரிகம் பார்ப்பதில்லை. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்கினால் அதைக் 'காஸ்ட்ரேட் லெவல்' என்றே எழுதுகிறார்கள். நோயாளியிடம் ஒரு சொல், பதிவேட்டில் வேறொரு சொல். புதுச்சேரியில் வெகுகாலம் வாழ்ந்தவனுக்கு இது புதிதல்ல. தமிழிலும் பிரெஞ்சிலும் இரண்டு பெயர்ப்பலகை மாட்டிய வீதிகள் இங்கே எத்தனையோ. ஆனால் வீதியில் நடக்கிறவனுக்கு இரண்டு பலகையும் தெரியும்படிதான் மாட்டியிருக்கிறார்கள். நோயாளிக்கு ஒன்றை மட்டும் காட்டுகிறார்கள்.

ஹக்கின்ஸ் காலத்துப் பெண் ஹார்மோன் மாத்திரைக்கு ஸ்டில்பெஸ்ட்ரால் என்று பெயர். சார்ல்ஸ் டாட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1938இல் செயற்கையாக உண்டாக்கியது. 1960களில் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் நடத்திய ஆய்வுகளில் ஒன்று வெளிப்பட்டது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் புற்றுநோயால் செத்தவர்கள் குறைந்தார்கள். இதயமும் ரத்தக்குழாயும் கெட்டுச் செத்தவர்கள் அதிகமானார்கள். கணக்கு சரியாகிவிட்டது. பிறகு 1 மில்லிகிராமே போதும், இதயத்துக்கு அவ்வளவு கெடுதி இல்லை என்று தெரிந்தது. இடைப்பட்ட வருஷங்களில் ஐந்து மடங்கு சாப்பிட்டவர்களுக்கு யாரும் துரோகம் செய்யவில்லை. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அளவு என்பது வெறும் எண் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதே வகை மருந்து இன்னொருவர் உடம்பிலும் போயிற்று. கணினியின் அடிப்படைத் தத்துவத்தை உருவாக்கிய ஆலன் டூரிங். அவருடைய தாய் பிறந்தது கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூரில். தாத்தா மதராஸ் ரயில்வேயின் தலைமை இஞ்சினியர். 1952இல் இங்கிலாந்தில் ஓரினச்சேர்க்கைக் குற்றத்துக்காக டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் போகலாம், அல்லது ஓராண்டு பெண் ஹார்மோன் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஹார்மோனை எடுத்துக்கொண்டார். 1954 ஜூனில் இறந்தார். 2013இல்தான் அரச மன்னிப்பு வந்தது. ஹக்கின்ஸின் நோயாளிக்குச் சிகிச்சையாக இருந்த ரசாயனம் டூரிங்குக்குத் தண்டனையாக இருந்தது. உடம்பில் அது செய்த வேலை ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம் சம்மதத்தில் இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் டூரிங்கும் ஒரு அர்த்தத்தில் சம்மதித்தவர்தான். தன் வாயால்தான் தேர்ந்துகொண்டார். ஆக, கையெழுத்து வேறு, சம்மதம் வேறு. எதற்கு எதிராக எதைத் தேர்கிறோம், தேர்வதன் விளைவு நமக்கு என்ன தெரியும், யார் நன்மைக்காக என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு கையெழுத்து சம்மதம் ஆகிறது.

இந்த ஊரில் மேற்கத்திய வைத்தியத்துக்கு இருநூறு வருஷத்து வேர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் கோரிமேட்டு ஜிப்மர். 1964இல் அந்தப் பெயர் வந்தது, 2008இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஜனங்கள் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். மருந்து இவ்வளவு தூரம் வந்து சேர்ந்துவிட்டது. அதைச் சாப்பிடுகிறவனுக்கு அது இன்னதென்று சொல்லும் வழக்கம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நான் சொல்வது மிகைப்படுத்தலாகத் தோன்றினால் ஒரு உதாரணம். ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், எழுபது தாண்டிய விவசாயி, மடியிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினார். நான் சாப்பிடும் அதே அபிராட்டரோன். "நரம்புக்குச் சத்து மாத்திரைன்னு பையன் சொன்னான் சார். வெறும் வயித்துல போட்டா கொமட்டுதேன்னு நாலு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் போட்டுக்கறேன்" என்றார். மகன் சீட்டுப் பதியப் போயிருந்தான். திரும்பி வந்ததும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நல்ல பிள்ளை. அப்பாவுக்காக நிலத்தில் ஒரு பகுதியை விற்றவன் என்று பிறகு தெரிந்தது. வெளியே டீக்கடையில் அவனிடம் இட்லி விஷயத்தை மட்டும் சொன்னேன். "உண்மை தெரிஞ்சா மனசு விட்டுடுவாரு சார்" என்றான்.

அந்த நாலு இட்லியில் என்ன இருக்கிறது? அபிராட்டரோன் என்பது டெஸ்டோஸ்டிரோன் உருவாகும் வழியையே அடைப்பது. விதையில் மட்டுமல்ல, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலும், புற்றுக்கட்டியிலேயேயும். வழக்கமாக நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்த வெறும் வயிற்றில் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். விழுங்கியபின் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறும் மருந்து பத்து மடங்கு வரை போகும். அதாவது காலைப் பலகாரத்தில் எவ்வளவு நெய், எவ்வளவு எண்ணெய் என்பதைப் பொறுத்து ஒரே நான்கு மாத்திரை ஒவ்வொரு நாளும் வெவ்வேறு மருந்தாகிவிடும். இதற்கு எதிர்த்திசையில் ஒரு செய்தியும் உண்டு. 2018இல் வெளியான ஒரு ஆய்வில், 72 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஒரே ஒரு மாத்திரையைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு கொடுத்தார்கள், பி.எஸ்.ஏ. அளவைக் குறைப்பதில் அது நான்கு மாத்திரைக்குப் பின்தங்கவில்லை. நிலத்தை விற்று மருந்து வாங்கும் நாட்டில் இது அற்பச் செய்தி அல்ல. ஆனால் சின்ன ஆய்வு. டாக்டர் எழுதிக் கொடுத்தாலொழிய நாமாகச் செய்துகொள்ளும் சிக்கனம் அல்ல. எல்லாவற்றிலும் ஆபத்தானது இரண்டு முறைகளைக் கலப்பது: நான்கு மாத்திரையையும் போட்டு, பலகாரத்தையும் சாப்பிடுவது. அந்தப் பெரியவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

இன்னும் இருக்கிறது. அபிராட்டரோன் உடம்பின் கார்ட்டிஸாலையும் குறைத்துவிடுவதால் அதோடு பிரெட்னிஸலோன் என்ற ஸ்டீராய்டும் தருகிறார்கள். 'ஸ்டீராய்டு கெடுதி' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை மட்டும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும்; ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டுவிட்டால் உடம்பு தாங்காமல் சரிந்துவிடவும் கூடும். கல்லீரலை முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சோதிக்க வேண்டும், பிறகு மாதாமாதம். கண் மஞ்சளித்தாலோ மூத்திரம் கறுத்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு வேளை தவறிப்போனால் மறுநாள் இரட்டித்துப் போடக் கூடாது. கர்ப்பிணிகள் இந்த மாத்திரையை வெறுங்கையால் தொடக் கூடாது. தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகளாகவோ பேத்தியாகவோ இருக்கும் நம் வீடுகளில், 'சத்து மாத்திரை' என்ற பொய் அவளிடமும் சொல்லப்பட்டதாகிறது. பொய் கேட்டவனோடு நிற்பதில்லை.

பைகலூட்டமைடு வேறு வழியில் வேலை செய்கிறது. டெஸ்டோஸ்டிரோன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. வயிறு காலியோ நிறைவோ அதற்கு அக்கறையில்லை. ஆனால் அதுவும் கல்லீரலைத் தொடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அதன் வேகத்தைக் கூட்டும். மார்பு வலித்துப் பெருக்கலாம். விசித்திரம் ஒன்றும் உண்டு. நெடுநாள் இவ்வகை மருந்தைச் சாப்பிட்ட சிலரிடம் புற்றணு பழகிக்கொண்டு, தடுக்க வந்ததையே உணவாக்கிக் கொள்கிறது. மருந்தை நிறுத்தினால் பி.எஸ்.ஏ. இறங்குகிறது; 1993இல் பதிவான உண்மை இது. மறுப்பே தீனியாகிவிடுகிற இந்த நிலையைக் கண்டுபிடிப்பது மாதாமாதம் சோதனைக்கு வருகிற நோயாளியிடம்தான் சாத்தியம். எதற்கு வருகிறோம் என்று தெரிந்தவன்தான் ஒழுங்காக வருவான்.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. அன்பினால் சொல்லும் பொய்யை ஆதரிக்கிறவர்கள் மருந்தை மழை மாதிரி நினைக்கிறார்கள்: தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பெய்யும், பயிர் விளையும். ஊசிக்கும் அறுவைக்கும் இது ஓரளவு பொருந்தலாம். மயங்கிக் கிடப்பவனையும் அறுக்கலாம். ஆனால் தினமும் காலையில் தன் கையால், தன் பசியை ஒரு மணி நேரம் ஒத்திவைத்து, கால் வீக்கத்தைத் தானே கவனித்து எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து அப்படியல்ல. அதன் பாதிப் பகுதி சாப்பிடுகிறவனின் பிரக்ஞையில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பறித்துவிட்டு மறு பாதியை மட்டும் வாயில் போடுவது மருந்து கொடுத்ததாகாது. பொய் மனிதனை அவமதிக்கிறது என்று கான்ட் சொல்வார். விளைவை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது பற்றாது. அவர்களுடைய தராசிலேயே இந்தப் பொய் தோற்கிறது என்பதுதான் நான் சுட்ட விரும்புவது.

எதிர்வாதம் ஒன்று பலமானது, தட்டிக்கழிக்க முடியாது. தனிமனிதன் தன் உடம்புக்குத் தானே அரசன் என்பது மேற்கின் கற்பனை, நமக்கு நோய் குடும்பத்துக்கு வருவது, முடிவும் குடும்பத்துடையது என்பார்கள். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் வைத்தியத்துக்கு நான்கு உறுப்பு சொல்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, பக்கத்திலிருந்து பணிசெய்பவன். குடும்பம் அந்த நான்காவது இடத்தில் இருக்கிறது. அது பெரிய இடம்தான். ஆனால் வரிசையில் முதலில் நிற்பவன் நோயுற்றவன். அவனும் மருத்துவத்தின் ஒரு உறுப்பு. மருத்துவம் செய்யப்படும் வெறும் இடமல்ல. இதை மேற்கிலிருந்து யாரும் இறக்குமதி செய்யவில்லை.

தெரிந்துகொள்ள விரும்பாத உரிமை என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. நானே என் டாக்டரிடம் வருஷக் கணக்கைக் கேட்டதில்லை. இங்கே இரண்டு அறிவுகளைப் பிரிக்க வேண்டும். எவ்வளவு நாள் என்பது ஒன்று. இந்த மாத்திரை என்ன செய்கிறது, எப்படி எடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை ஒருவன் வேண்டாமென்று ஒதுக்கலாம். ஜோசியம் மறுப்பது போல. பின்னதை ஒதுக்க முடியாது, ஏனென்றால் அது அவன் செய்யப்போகும் காரியத்தைப் பற்றிய அறிவு. அந்த மகன் பயந்தது முதலாவதைச் சொல்ல, மறைத்ததோ இரண்டாவதை.

இனி, எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் விஷயம். ஆசை போய்விடுகிறது. அடக்கப்பட்டுப் போவதில்லை, விளக்கு எண்ணெயில்லாமல் அணைவது போல. உடம்பில் திடீரென்று அனல் அடிக்கிறது, மெனோபாஸ் காலத்துப் பெண்களுக்கு வருவது போலவே. சதை தளர்கிறது, எலும்பு மெலிகிறது; அதற்காக நடையும் சுண்ணாம்புச் சத்தும் சொல்கிறார்கள். அற்பத்துக்கெல்லாம் கண் கலங்குகிறது. பிளாட்டோவின் 'குடியரசு' தொடக்கத்தில் கிழவர் கெஃபாலஸ், கவிஞர் ஸோஃபக்ளீஸ் சொன்னதாக ஒன்று சொல்கிறார்: காமத்திலிருந்து தப்பியது வெறிபிடித்த எஜமானனிடமிருந்து தப்பியது போல என்று. இலக்கிய நண்பர்கள் இதை எனக்கு ஆறுதலாக எடுத்துச் சொன்னார்கள். விந்தைக் காத்தவன் யோகி என்று சித்தர் மரபைக் காட்டியவரும் உண்டு. எனக்கு ஒப்புதலில்லை. பிறன்மனை நோக்காமையைப் 'பேராண்மை' என்று குறள் சொல்லும்போது, நோக்கக் கூடியவன் நோக்காதிருப்பதையே சொல்கிறது. எனக்கு வாய்த்திருப்பது பிரம்மசரியமல்ல. விரதமும் பட்டினி, பஞ்சமும் பட்டினி. வயிற்றுக்கு இரண்டும் ஒன்று, மனிதனுக்கு ஒன்றல்ல. என் உடம்பில் நடப்பது பஞ்சம். அதைத் துறவென்று மெச்சிக்கொள்வது இன்னொரு 'சத்து மாத்திரை'.

இந்தப் பஞ்சத்தைத் திருட்டுத்தனமாக உடைக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆண்மை தரும் லேகியம் என்று விற்பதை வாங்கி மறைவாகச் சாப்பிடுகிறார்கள். ஒரு கையால் கதவைச் சாத்தி மறு கையால் திறக்கும் வேலை. அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறதென்று அளந்தவர் யாருமில்லை. ஆனால் அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. மாத்திரை எதை எடுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்லப்படாதவன், எடுத்துக்கொண்டதைத் தேடி அலைவது இயல்பு. சொல்லியிருந்தால் டாக்டரிடம் வாய்திறந்து கேட்டிருப்பான். மனைவியிடமும் பேசியிருப்பான். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இந்தச் சிகிச்சைக்கு எந்தப் படிவமும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அவளும் சேர்ந்துதான் இழக்கிறாள். காரணம் தெரியாதபோது, கணவனின் விலகலுக்குத் தன்னையே காரணமாக நினைத்துக்கொள்கிறாள்.

பிரெஞ்சு மருத்துவத் தத்துவவாதி ழார்ழ் கங்கியெம் 1943இல் எழுதிய ஆய்வில் ஆரோக்கியம் என்பது சராசரி அளவுக்குள் இருப்பதல்ல, சூழல் மாறும்போது தனக்குப் புதிய நியமங்களை விதித்துக்கொள்ளும் சக்தி என்று வாதித்தார். என் ரத்தத்தின் எண்கள் எந்தச் சராசரிக்குள்ளும் இனி வரப்போவதில்லை. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து நான்கு மாத்திரையை விழுங்கி, ஒரு மணி நேரம் கடற்கரைச் சாலையில் நடந்து, ஏழு மணிக்குத் திரும்பிப் பலகாரத்துக்கு உட்காருவது நான் விதித்துக்கொண்ட நியமம். ஹார்மோன் விஷயத்தில் நான் பஞ்சத்துக்கு ஆளானவன். அந்த ஒரு மணி நேரப் பசி மட்டும் விரதம். ஏன் பசித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆண்மை என்ற சொல்லில் ஆளுதல் என்ற பொருளும் இருக்கிறது. சுரப்பியோடு போகாத பகுதி அது. தெரிந்து செய்வதற்கு மட்டுமே அந்தப் பொருள் ஒட்டும்.

விவசாயியின் மகனை மறுபடியும் இரண்டு முறை சந்தித்தேன். இட்லியை நிறுத்திவிட்டதாகச் சொன்னான்; அப்பா ஏனென்று கேட்டாராம், டாக்டர் உத்தரவு என்று சொல்லிவிட்டானாம். பாதி உண்மை பாதி வேலை செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கால் வீங்கினால் அவர் அதை முதுமை என்றே நினைத்துக்கொள்வார், யாரிடமும் சொல்ல மாட்டார். இதை அவனிடம் சொன்னேன். யோசிக்கிறேன் சார் என்றான். இதைப் படிக்கிற நண்பர்கள் சிலருடைய வீட்டிலும் தகப்பனாரோ மாமனாரோ இந்தப் புட்டியோடு இருக்கக்கூடும். மாத்திரையின் பெயர், அது எதை நிறுத்துகிறது, எப்போது விழுங்க வேண்டும், எதைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்ற நான்கையும் அவரிடமே சொல்லுங்கள். மிச்சத்தைக் கேட்பதும் கேட்காததும் அவர் பாடு.